மணவறைப் படியில் நாய்: இரண்டு காலா, நான்கு காலா?

தெம்பனிஸ் பெரியவர், காலை 7.40
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "செல்லநாயும் குடும்பம்தான். திருமணத்தில் அதற்கும் இடம் கொடுப்பதே நாகரிகம். மறுப்பவர்கள் பழைய காலத்து மனிதர்கள்." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் உறவுக்காரப் பையனுக்கு முகூர்த்தம். முன்வரிசையில் இருந்து என் கண்ணால் பார்த்தேன். கெட்டிமேளம் தொடங்கும் நேரத்தில் ஒரு கறுப்பு நாய், கழுத்தில் பட்டுத்துண்டோடு, மணவறையில் ஏறி நின்றது. நான்கு காலும் மேலே. அக்கினி வளர்த்த இடம், அம்மி போட்ட இடம், அரசாணிக்கால் நட்ட இடம். அங்கே நாய். குருக்கள் மந்திரத்தையே நிறுத்திவிட்டார். இதற்குப் பெயர் நாகரிகமா? 72 வயதில் நான் இதையும் பார்க்க வேண்டுமா?

செங்காங் அக்காள், காலை 8.05
ஐயா, நீங்கள் சொல்லும் மணப்பெண் என் தங்கை. நேற்று அந்த வரிகளை எழுதியவளும் நான்தான். நாயின் பெயர் மைனா. மைனா மணவறையில் ஏறவே இல்லை. முன்னங்கால் இரண்டையும் முதல் படியில் வைத்தாள், அவ்வளவுதான். பின்னங்கால்கள் தரையில் இருந்தன. கயிறு என் கையில் இருந்தது, எனக்குத் தெரியாதா? குருக்கள் நிறுத்தியது நெய்க் கிண்ணம் காலியாகிவிட்டதால். ஓடிப்போய் நெய் கொண்டுவந்தவர் என் சித்தி. இரண்டு கால், ஒரு படி. இதை நான்கு கால் என்று ஊருக்குச் சொல்வது அபாண்டம்.

தெம்பனிஸ் பெரியவர், காலை 8.21
பெண்ணின் அக்காளா? நல்லது, நேராகவே சொல்கிறேன். நான் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா. கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாதது, ஒரு கையில் கயிறும் மறு கையில் கைப்பேசியுமாக நின்றவருக்கா தெரியும்? நான்கு கால். நான் எண்ணினேன்.

பொங்கோல் மாப்பிள்ளை, காலை 8.50
நான் அந்த மாப்பிள்ளை அல்ல, வெளியாள். கால் கணக்கு இருக்கட்டும். எங்கள் பதிவுத் திருமணத்தைச் சென்ற ஆண்டு பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் வைத்துக்கொண்டோம். எங்கள் நாய் கயிற்றோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மோதிரப் பையை அதன் கழுத்துப் பட்டையில்தான் கட்டி அனுப்பினோம். சட்டம் கேட்பது திருமணத்தை நடத்திவைக்க உரிமம் பெற்ற ஒருவரையும் 21 வயது நிரம்பிய 2 சாட்சிகளையும். நாய் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் சிக்கல் நாயில் இல்லை, மண்டபத்தில் இருக்கிறது.

தெம்பனிஸ் பெரியவர், காலை 9.02
சாட்சிக் கையெழுத்தையும் அந்த நாயிடமே வாங்கியிருக்கலாமே, தம்பி. பூங்காவில் நடந்தது பதிவு. மண்டபத்தில் நடப்பது திருமணம். தாலியையும் நாயின் கழுத்தில் கட்டித்தான் அனுப்புவீர்களா?

செங்காங் அக்காள், காலை 9.10
தாலிப் பேச்சை யார் எடுத்தது? தாலித் தட்டு சபையில் ஆசி வாங்கச் சுற்றி வந்தபோது மைனா கடைசி வரிசையில் என் அத்தை மகனோடு இருந்தாள். தட்டின் பக்கத்தில்கூட அவள் வரவில்லை. கூட்டம் எழுந்து அட்சதை போட நெருங்கியபோது தங்கையைக் காணாமல் தேடினாள். அதன் பிறகே நான் கயிற்றை வாங்கி முன்னால் அழைத்து வந்தேன். ஒன்பது ஆண்டுகளாக விடியற்காலை 5 மணிக்கு அவளை நடக்க அழைத்துப் போனவள் என் தங்கை. 2020இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லோரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தோமே, அந்த நாள்களில் தங்கையோடு இருந்த ஒரே உயிர் மைனா. வாடகை அறையில் தனியாக இருந்தவள் அவள். அப்போது ஒன்றுவிட்ட பெரியப்பா யாரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை.

மைனா வைத்தது இரண்டு கால். படி மணவறை ஆகாது.

தெம்பனிஸ் பெரியவர், காலை 9.34
படி மணவறை ஆகாதாம். வாசற்படி வீடு ஆகாதா? படியில் கால் வைத்தால் வீட்டில் கால் வைத்ததாகத்தான் பொருள். அது போகட்டும், நாயை "அவள்" "அவள்" என்று எழுதுகிறீர்களே, தமிழ் படித்தவரா நீங்கள்? நாய் அஃறிணை. "அது".

ஈசூன் தமிழாசிரியர், காலை 9.51
ஐயா அவசரப்படுகிறார். உவப்பினாலோ உயர்வினாலோ அஃறிணையை உயர்திணையாகச் சொன்னால் அது பிழை ஆகாது, திணை வழுவமைதி. நன்னூல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று சொல்லும் எடுத்துக்காட்டை உயர்நிலைப் பள்ளியிலேயே கற்பிக்கிறோம். அக்காள் எழுதியது சரி.

தெம்பனிஸ் பெரியவர், காலை 9.58
அது பசு. இது நாய்.

ஈசூன் தமிழாசிரியர், காலை 10.03
இலக்கணம் பசுவுக்குத் தனி, நாய்க்குத் தனி என்று எழுதப்படவில்லை. இதே தளத்தில் மூன்று மாதத்துக்கு முன்பு வல்லினம் மிகும் இடத்தைப் பற்றியும் நீங்கள் தவறாக எழுதினீர்கள். அன்று சுட்டிக்காட்டியபோதும் ஏற்கவில்லை.

தெம்பனிஸ் பெரியவர், காலை 10.06
அன்றும் நான் சொன்னதே சரி.

உட்லண்ட்ஸ் வாசகர், காலை 10.40
வேள்வி நடக்கும் இடத்துக்கு நாய் வந்த கதை மகாபாரதத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஜனமேஜயன் வேள்வி செய்கிறான். தேவலோக நாயான சரமையின் குட்டி அங்கே வருகிறது. அவனுடைய தம்பிகள் அதை அடித்துத் துரத்துகிறார்கள். அழுதுகொண்டே ஓடி வந்த குட்டியைக் கூட்டிக்கொண்டு தாய் வந்து கேட்கிறாள்: என் மகன் வேள்விப் படையலான அவிசைப் பார்க்கவும் இல்லை, நக்கவும் இல்லை, ஏன் அடித்தீர்கள்? பதில் சொல்ல அவர்களால் முடியவில்லை. சாபம் வாங்கிக்கொண்டார்கள். மகாபாரதத்தின் முடிவிலோ தருமர் நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏற மாட்டேன் என்று இந்திரனிடமே சொல்கிறார். முதலிலும் நாய், முடிவிலும் நாய். நம் பைரவருக்கு வாகனம் எது?

தெம்பனிஸ் பெரியவர், காலை 10.58
படித்தவருக்கு வணக்கம். தருமர் போனது சொர்க்கத்துக்கு, முகூர்த்தத்துக்கு அல்ல. கூட வந்ததும் நாய் அல்ல, நாய் உருவில் வந்த தருமதேவதை. சரமையின் குட்டியையும் வேள்வி நடந்த இடத்திலிருந்து அடித்துத்தான் துரத்தினார்கள். அன்றைக்கே நாயை அங்கே இருக்க விடவில்லை என்பதை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர், காலை 11.04
அடித்தவர்களுக்குத்தான் சாபம். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சரி, தமிழ்நாட்டுச் சான்றே சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு. வீரனுக்குப் பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் காத்தது என்று எழுதியிருக்கிறது. நாய்க்குப் பெயர் சொல்லி வழிபாட்டுக் கல்லில் இடம் கொடுத்தவர்கள் நம் முன்னோர்.

தெம்பனிஸ் பெரியவர், காலை 11.15
கோவிவன் கள்ளரைக் கடித்தது. மணவறையில் நான்கு காலோடு ஏறவில்லை.

செங்காங் அக்காள், காலை 11.17
மைனாவும் ஏறவில்லை. இரண்டு கால்.

ஜூரோங் வெஸ்ட் உதவியாளர், பகல் 12.20
விலங்கு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து இத்தனை பேர் எழுதியும் அந்த நாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே, எனக்கு வயிறு எரிகிறது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாயின் காது ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நமக்கே காதைப் பொத்தத் தோன்றும் கெட்டிமேளத்தில் தவிலுக்குப் பக்கத்தில் ஒரு நாயை நிறுத்துவதா? கற்பூரம் நாய்க்கு நஞ்சு. பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், சிறிதளவும் கொடுக்கக்கூடாது. பூமாலையிலிருந்து உதிரும் சாமந்தியைத் தின்றாலும் வாந்தி எடுக்கும். நூறு பேர் சாப்பிடும் இடத்தில் கீழே என்ன விழுகிறது என்று யார் பார்ப்பது? அது படியில் கால் வைத்ததே பயத்தினால் இருக்கலாம்.

செங்காங் அக்காள், பகல் 12.38
பயமா? வாலை ஆட்டிக்கொண்டு நின்றாள். நீங்கள் அங்கே இருந்தீர்களா? இரண்டு வாரம் நாதசுர ஒலிப்பதிவைத் தாழ்ந்த ஒலியில் போட்டுப் போட்டுப் பழக்கினோம். பந்திக்கு முன்பே என் கணவர் அவளைக் காரில் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். பாயசம் அவள் மூக்குக்குக்கூட எட்டவில்லை. ஒன்பது ஆண்டுகளாக வளர்க்கிறோம். உலர்திராட்சையைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஜூரோங் வெஸ்ட் உதவியாளர், பகல் 12.45
கைப்பேசி ஒலியும் நேரில் அடிக்கும் தவிலும் ஒன்றா? வால் ஆடினால் மகிழ்ச்சி என்று நினைப்பவர்கள்தான் கடி வாங்கிக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். பதற்றத்திலும் வால் ஆடும்.

செங்காங் அக்காள், பகல் 12.49
மைனா யாரையும் கடித்ததில்லை. இதுவும் அபாண்டம்.

கம்போங் கிளாம் தோழி, பிற்பகல் 1.30
நானும் அந்த மண்டபத்தில் இருந்தேன், மணப்பெண் என் பள்ளித் தோழி. கடையநல்லூர்த் தமிழ் முஸ்லிம் குடும்பம் எங்களுடையது. நாயை வெறுப்பவள் அல்ல. ஆனால் நாங்கள் பின்பற்றும் ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்ட வழியில் நாயின் எச்சில் பட்டால் 7 முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். என் மாமியார் புதுப் புடவையோடு நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு காலோ நான்கு காலோ, எங்களிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓரமாக இடம் பார்த்து உட்கார்ந்திருப்போம். சீன நண்பர்களும் மலாய் அண்டை வீட்டாரும் வரும் சபை இது.

செங்காங் அக்காள், பிற்பகல் 1.52
தோழி, வாட்ஸ்அப் குழுவில் மைனாவின் படத்தோடு "நானும் வருகிறேன்" என்று போட்டிருந்தோம். நீங்களே அதற்கு இதயம் போட்டிருக்கிறீர்கள். மாமியாரின் பக்கம் அவள் போகவே இல்லை.

கம்போங் கிளாம் தோழி, பிற்பகல் 1.58
அதை வேடிக்கை என்று நினைத்தேன். பட்டுத்துண்டோடு உண்மையாகவே வரும் என்று யார் நினைப்பார்கள்? என் மாமியார் அந்தக் குழுவிலும் இல்லை.

தெம்பனிஸ் பெரியவர், பிற்பகல் 2.15
கேட்டீர்களா? விருந்தாளியே சொல்கிறார். எம்ஆர்டி ரயிலில் பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்க்கு மட்டுமே இடம். உணவகத்துக்குள்ளும் விடுவதில்லை. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டிலேயே பட்டியலில் உள்ள சிற்றின நாய் ஒன்றுதான் வளர்க்கலாம். அரசாங்கமே எல்லை வகுத்திருக்கிறது. இந்தக் கறுப்பு நாய் எந்தப் பட்டியலில் வருகிறது?

செங்காங் அக்காள், பிற்பகல் 2.31
இதற்காகத்தான் காத்திருந்தேன். 2012இல் தொடங்கிய அடோர் திட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதே இல்லையா? கலப்பின நாய்களை வீவக வீடுகளில் தத்தெடுக்க வழி செய்ததே அதுதான். மைனா அப்படி வந்தவள். கருத்தடை செய்து, மைக்ரோசிப் பொருத்தி, ஆண்டுக்கு 15 வெள்ளி உரிமக் கட்டணமும் கட்டுகிறோம். எம்ஆர்டியில் விடாததால்தான் காரில் வந்தாள். மண்டப மேலாளரிடம் முன்பே கேட்டோம், பந்தி நடக்கும் கூடத்துக்குள் வராமல் இருந்தால் போதும் என்றார். அந்தச் சொல்லை மீறவில்லை.

உங்கள் கோபம் நாயின் மேல் இல்லை, ஐயா. அழைப்பிதழில் உங்கள் பெயர் கடைசி வரியில் வந்துவிட்டது என்று நிச்சயதார்த்தத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். அது உங்கள் பக்கம் கொடுத்த பட்டியல். நாங்கள் அப்படியே அச்சடித்தோம்.

தெம்பனிஸ் பெரியவர், பிற்பகல் 2.44
பெயரைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? நீங்களாகவே இழுக்கிறீர்கள். இழுத்துவிட்ட பிறகு கேளுங்கள்: மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் பந்தியில் இடம் இல்லை. மூன்றாம் பந்தியில் வடை ஆறிப்போய், ரசம் தீர்ந்துபோயிருந்தது. நாய்க்குக் கார் வைத்து வீட்டுக்கு அனுப்பத் தெரிந்தவர்களுக்கு 72 வயதுக்காரனை முதல் பந்தியில் உட்காரவைக்கத் தெரியவில்லை.

பொங்கோல் மாப்பிள்ளை, பிற்பகல் 2.50
இப்போது வடையா?

செங்காங் அக்காள், பிற்பகல் 3.05
முதல் பந்திக்கு உங்களை என் அப்பா கையைப் பிடித்து அழைத்தார். "பிறகு வருகிறேன்" என்று சொன்னவர் நீங்கள். இதையும் நான்கு கால் போல மாற்றிச் சொல்லாதீர்கள். மாப்பிள்ளையின் தம்பி எடுத்த காணொளியைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறேன். 14 வினாடி. ஒன்பதாவது வினாடியில் நிறுத்திப் பாருங்கள். முன்னங்கால் இரண்டும் படியில். பின்னங்கால் கம்பளத்தில்.

தெம்பனிஸ் பெரியவர், மாலை 4.20
பார்த்தேன். ஒன்பதாவது வினாடியில் வாழைமரம் மறைக்கிறது. பின்னங்கால் தெரியவே இல்லை. பதினோராவது வினாடியில் நாயின் முதுகு மணவறைத் தூணைத் தாண்டி நிற்கிறது. தரையில் பின்னங்கால் இருந்தால் முதுகு அங்கே எப்படி வரும்?

செங்காங் அக்காள், மாலை 4.26
அவள் உயரமான நாய்.

ஈசூன் தமிழாசிரியர், மாலை 4.40
நானும் பார்த்தேன். பதினோராவது வினாடியில் தெரிவது முதுகு அல்ல, பட்டுத்துண்டின் முனை.

தெம்பனிஸ் பெரியவர், மாலை 4.43
வல்லினம் மிகும் இடம் தெரிந்தவருக்கு முதுகு இருக்கும் இடம் தெரியாது.

உட்லண்ட்ஸ் வாசகர், மாலை 5.10
மந்திரம் எதற்காக நின்றது என்பதை அந்தக் குருக்களிடமே கேட்டுவிடலாமே?

செங்காங் அக்காள், மாலை 5.22
கேட்டுவிட்டேன். நெய்க்காகத்தான் என்றார். நாயைக் கவனித்தீர்களா என்றும் கேட்டேன், புகையில் கண் எரிந்துகொண்டிருந்தது என்றார். நெய் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அது போதும் எனக்கு.

தெம்பனிஸ் பெரியவர், மாலை 5.30
தட்சிணை கொடுத்தவர் வீட்டுப் பெண் கேட்டால் வேறு என்ன சொல்வார்?

செங்காங் அக்காள், மாலை 5.41
குருக்களையும் பொய்யர் ஆக்கிவிட்டீர்கள். புகைப்படக்காரரிடம் மறுபக்கத்துக் காணொளியைக் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்புவார். அதில் வாழைமரம் இல்லை. இங்கேயே போடுகிறேன், எல்லோரும் எண்ணட்டும்.

தெம்பனிஸ் பெரியவர், மாலை 5.44
போடுங்கள். நான்குதான் வரும்.