‘இன் டேஞ்சர்’, ‘அட் ரிஸ்க்’, ‘அண்டர் த்ரெட்’: ஆபத்தைச் சொல்லும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களோடு எந்த முன்னிடைச்சொல் சேரும்?

கேள்வி (மேனிலை வகுப்பு ஆசிரியர்)

அனைவருக்கும் வணக்கம். மேனிலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆபத்து, சிக்கல், இழப்பு போன்றவற்றைச் சொல்லும் பெயர்ச்சொற்கள் வரும்போதெல்லாம் மாணவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். தமிழில் ஆபத்தில் இருக்கிறான், சிக்கலில் இருக்கிறான், நெருக்கடியில் இருக்கிறான் என்று எல்லாவற்றுக்கும் ‘இல்’ என்ற ஓர் உருபே போதுமாயிருக்க, ஆங்கிலத்தில் மட்டும் டேஞ்சருக்கு ‘இன்’, ரிஸ்குக்கு ‘அட்’, த்ரெட்டுக்கு ‘அண்டர்’ என்று ஏன் மாறுகிறது என்கிறார்கள். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வருவனவும் இதே அளவுக்குக் குழப்புகின்றன. ‘ப்ராப்ளம் வித்’ எங்கே, ‘ப்ராப்ளம் ஆஃப்’ எங்கே என்பதற்குப் பாடநூலில் பட்டியல்தான் இருக்கிறது, காரணம் இல்லை. வகுப்பில் சொல்லத்தக்க விளக்கம் ஏதேனும் உண்டா?

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். முன்னால் வருவதையும் பின்னால் வருவதையும் தனித்தனியாகக் கற்பிப்பதே நல்லது, ஏனென்றால் அவை செய்யும் வேலை வெவ்வேறு. முன்னால் வருவது பாதிக்கப்பட்டவரின் நிலையைச் சொல்கிறது. பின்னால் வருவது, அந்தத் துன்பம் எதிலிருந்து வருகிறது, யாரைத் தாக்குகிறது, என்னவாக முடியக்கூடும் என்பவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

முன்னால் வருவனவற்றுள் ‘இன்’ என்பதே பெரும்பான்மை. ட்ரபிள், டேஞ்சர், டிஃபிகல்ட்டி, டிஸ்ட்ரெஸ், டெட் (கடன்), கிரைசிஸ் ஆகிய எல்லாம் ஒருவர் உள்ளே அகப்பட்டுக்கொண்ட நிலைகளாகவே கருதப்படுகின்றன. ‘அண்டர்’ என்பதை ஏற்கும் சொற்களைக் கவனியுங்கள்: த்ரெட், அட்டாக், சீஜ், அரெஸ்ட், சஸ்பிஷன், பிரஷர். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னே இன்னொருவருடைய செயல் இருக்கிறது. யாரோ மிரட்டுகிறார், தாக்குகிறார், முற்றுகையிடுகிறார், கைது செய்கிறார், ஐயுறுகிறார், நெருக்குகிறார். மேலிருந்து ஒரு கை அழுத்துவதாக எண்ணினால் ‘அண்டர்’ தானாக நினைவுக்கு வரும். ‘அட்’ வரும் சொற்கள் சிலவே. அவற்றுள் ‘அட் ஸ்டேக்’ என்பதில் உள்ள ஸ்டேக் பந்தயத்தில் வைக்கும் பணத்தைக் குறிக்கும் என்பதால், உயிரைப் பணயம் வைத்தான் என்ற நம் வழக்கோடு சேர்த்து ‘அட் ரிஸ்க்’ என்பதையும் கற்பித்துவிடலாம்.

பின்னால் வருவதற்கு நம்முடைய வேற்றுமை உருபுகளே பெருந்துணை. ‘பாலத்தின் சேதம்’ என்று மனத்தில் எண்ணிக்கொண்டு எழுதுபவர் ‘டேமேஜ் ஆஃப் த பிரிட்ஜ்’ என்றுதான் எழுதுவார். ‘பாலத்துக்கு ஏற்பட்ட சேதம்’ என்று எண்ணினால் ‘டேமேஜ் டு த பிரிட்ஜ்’ என்ற சரியான வடிவம் கிடைத்துவிடும். த்ரெட், டேஞ்சர், ஹார்ம், ரிஸ்க் ஆகியவற்றிலும் அடிபடுபவரை நான்காம் வேற்றுமையில் சொல்ல முடிந்தால் ஆங்கிலத்தில் ‘டு’ வரும். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ‘யானைகளின் அச்சுறுத்தல்’ என்று தமிழிலேயே எழுதினால், அச்சுறுத்துவது யானைகளா, அச்சுறுத்தப்படுவது யானைகளா என்பது தெரியாது. ஆங்கிலமோ முன்னதற்கு ‘ஃப்ரம்’, பின்னதற்கு ‘டு’ என்று தெளிவாகப் பிரித்துவிடுகிறது.

‘ஆஃப்’ வருமா என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டு சொற்களுக்கும் நடுவே ‘என்னும்’ என்பதை வைத்துப் பாருங்கள். வேலையின்மை என்னும் பிரச்சினை என்பது பொருந்துகிறது, ஆகவே ‘த ப்ராப்ளம் ஆஃப் அன்எம்ப்ளாய்மென்ட்’. மோட்டார் என்னும் பிரச்சினை என்பது பொருந்தவில்லை, பிரச்சினை மோட்டாரில் இருக்கிறதே தவிர மோட்டாரே பிரச்சினை இல்லை, ஆகவே ‘எ ப்ராப்ளம் வித் த மோட்டார்’. போர் என்னும் அச்சுறுத்தல், தொற்று என்னும் அபாயம் ஆகியவையும் இந்தச் சோதனையில் தேறி ‘ஆஃப்’ பெறுகின்றன. ‘எ ப்ராப்ளம் இன் மேத்தமேட்டிக்ஸ்’ என்றால் பொதுவாக ஒரு கணக்கு என்றே பொருள்படும், ‘ப்ராப்ளம் வித் மேத்தமேட்டிக்ஸ்’ என்றால் கணக்கு வரவில்லை என்று பொருள்படும் என்பதைச் சொன்னால் உங்கள் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

மறுமொழி (அகராதிப் பணியில் உள்ளவர்)

மேலே உள்ள விளக்கத்தின் பிற்பகுதியை ஏற்கிறேன், முற்பகுதியை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. பந்தயத்திலிருந்து வந்த சொல் ‘அட்’ பெறும் என்றால், பழைய பிரெஞ்சு மொழியில் சரிசமமான ஆட்டத்தைக் குறித்த தொடரிலிருந்து பிறந்து இன்று ஆபத்தைக் குறிக்கும் ‘ஜெபர்டி’யும் ‘அட்’ பெற்றிருக்க வேண்டும், ஆனால் அது ‘இன் ஜெபர்டி’ என்றே வழங்குகிறது. பொருளை வைத்தும் முடிவு செய்ய இயலாது. யுனெஸ்கோவின் 1972ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, அழிவை எதிர்நோக்கும் இடங்களுக்கென உள்ள பட்டியலின் பெயரில் ‘இன் டேஞ்சர்’ என்று இருக்கிறது. ஹம்பி 1999 முதல் 2006 வரையிலும், அசாமின் மானஸ் சரணாலயம் 1992 முதல் 2011 வரையிலும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஏறத்தாழ இதே நோக்கத்தோடு ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு வெளியிடும் பதிவேட்டின் பெயரோ ‘ஹெரிட்டேஜ் அட் ரிஸ்க்’. இரண்டும் சொல்ல வருவது ஒன்றுதான். எந்தப் பெயர்ச்சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுவே தன் முன்னிடைச்சொல்லை இழுத்துக்கொண்டு வருகிறது. ஆகவே முன்னால் வருவதைப் பெயர்ச்சொல்லோடு சேர்த்து ஒரே சொல்லாக மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் நேர்மையான வழி என்பது என் கருத்து. கூடவே, ‘இன் ட்ரபிள்’ என்பதில் ‘எ’ வராது, ‘இன் எ மெஸ்’ என்பதில் வரும் என்பதும் அந்த மனப்பாடத்திலேயே அடங்கிவிடும்.

‘டு’ பற்றிச் சொன்னதற்கு ஒரு திருத்தம் வேண்டும். ‘லாஸ்’ என்ற சொல்லில் இழந்தவருக்கு ‘டு’, இழக்கப்பட்ட பொருளுக்கு ‘ஆஃப்’. அரசுக்கு ஏற்பட்ட வருவாய் இழப்பு என்பதை ‘லாஸ் ஆஃப் ரெவென்யூ டு த கவர்ன்மென்ட்’ என்று எழுதினால் இரண்டும் ஒரே தொடரில் அமைந்துவிடும். இங்கே ‘என்னும்’ சோதனை பயன்படாது.

மறுமொழி (வழக்கறிஞர்)

இந்தியாவில் வழங்கும் ஒரு சொல்வழக்கைக் குறிப்பிட விரும்புகிறேன். நீதிமன்றத்தில் ஒருவர் மீது விசாரணை நடப்பதை ஆங்கிலேயர் ‘ஆன் ட்ரயல்’ என்பார்கள். நாமோ விசாரணைக் கைதியை ‘அண்டர்ட்ரயல்’ என்கிறோம், அது பேச்சுவழக்கோடு நிற்காமல் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, அத்தகைய கைதியை அதிகபட்சம் எவ்வளவு காலம் சிறையில் வைக்கலாம் என்று வரையறுக்கும்போது இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது. பிரிட்டனில் பெரும்பாலும் ‘ஆன் ரிமாண்ட்’ என்றே எழுதுவார்கள். பிணையில் வந்தவர் மட்டும் இரண்டு இடங்களிலும் ‘ஆன் பெயில்’.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ‘என்னும்’ சோதனையை நாளைக்கே வகுப்பில் வைத்துப் பார்க்கிறேன். முன்னால் வருவதற்கு மனப்பாடமே வழி என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, ‘அண்டர்’ பற்றிய விளக்கம் பாதிச் சொற்களுக்குப் பொருந்தினாலும் மாணவர்களின் சுமை குறையும். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ‘டிஃபிகல்ட்டி டு ஃபைண்ட்’ என்று எழுதும் பழக்கத்தை எப்படி மாற்றுவது? ‘டென்ஷனில் இருக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் இன் டென்ஷன்’ என்று எழுதலாமா?

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

முதலாவதற்குக் காரணம் நம்முடைய செய என்னும் எச்சம்தான். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டேன் என்னும்போது ‘கண்டுபிடிக்க’ என்பது ‘டு ஃபைண்ட்’ என்பதை இழுத்து வருகிறது. அதைக் கண்டுபிடிப்பதில் சிரமப்பட்டேன் என்று மாற்றிச் சொல்லப் பழக்குங்கள், ‘டிஃபிகல்ட்டி இன் ஃபைண்டிங்’ என்று வந்துவிடும். அந்த ‘இன்’ என்பதை விட்டுவிட்டாலும் பிழையில்லை, ‘ட்ரபிள்’ என்ற சொல்லோடு விட்டுவிடுவதே இயல்பு.

‘இன் டென்ஷன்’ என்பது நம் நாட்டுக்குள் எல்லோருக்கும் புரியும், தேர்வுத்தாளில் வேண்டாம். ஒருவருடைய மன இறுக்கத்துக்கு ‘அண்டர் ஸ்ட்ரெஸ்’ என்றோ, வெறுமனே ‘டென்ஸ்’ என்றோ எழுதச் சொல்லுங்கள். இரு நாடுகளுக்கு இடையே, இரு வீட்டாருக்கு இடையே நிலவும் இறுக்கத்துக்கு ‘டென்ஷன்’ தாராளமாக வரும், அப்போது அதன் பின்னால் ‘பிட்வீன்’ சேரும்.