கண்டாங்கிக்குக் கோடு போட்ட சட்டையா? வாங்க, பேசலாம்

பிடோக்_மீனா:
தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குக் கண்டாங்கிப் புடவையில் போனேன். மஞ்சளும் அரக்கும் பெரிய கட்டம். ரவிக்கைக்குப் பதில் அப்பாவின் பழைய சட்டை, நீலக் கோடு போட்டது. காதில் சிங்கப்பூர் ஹாஜி லேன் கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் வளையம். பெரியம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவசரத்தில் கிளம்பினியாம்மா?" என்றார். இல்லை, தெரிந்தேதான் உடுத்தினேன். வளையலிலிருந்து பொட்டு வரை ஒரே நிறத்தில் அடுக்கினால்தான் அழகா? ஒன்றுக்கொன்று சேராததைச் சேர்த்து உடுத்துவதும் அழகு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஈசூன்_சேகர்:
நான் பெரியம்மா கட்சி. நல்ல நாளில் ஒரு வீட்டுக்குப் போகும்போது உடுத்துவது வீட்டுக்காரருக்குக் காட்டும் மரியாதை. அதைவிட எனக்கு எரிச்சல் தருவது, 'கையில் கிடைத்ததைப் போட்டேன்' என்கிற பாவனை. கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு, நிற்காத மாதிரி வெளியே வருவது. மேட்சிங் போடுகிறவர் குறைந்தது மெனக்கெட்டதை மறைப்பதில்லை.

ஊசிநூல்:
தேக்கா சந்தை மாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மேட்சிங் ஜாக்கெட்தான் எனக்குச் சோறு போடுகிறது, ஆனாலும் மீனா பக்கம் பேசுகிறேன். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நெசவு நாடா ஓட்டி, தறியிலேயே கோத்து நெய்கிறார்கள். கிளிப்பச்சைக்கு ஊதாக் கரை போட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இங்கே சீன-மலாய் கலப்பு மரபுப் பெண்களான நியோன்யாக்கள் உடுத்தும் கெபாயா மேற்சட்டையும் அப்படித்தான். மேலே ஒரு நிறம், கீழே சாரோங் பல நேரம் அதற்கு நேர் எதிர். அந்தச் சாரோங்கிலேயே தலைப்பகுதியில் ஒரு கோலம், உடல் பகுதியில் வேறு கோலம். 2024 டிசம்பரில் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து கெபாயாவை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின.

ஆனால் கலப்பதற்கும் கணக்கு உண்டு. கட்டம் பெரிதானால் கோடு மெல்லியதாக இருக்க வேண்டும். ஒரு நிறமாவது இரண்டு துணியிலும் வர வேண்டும். மீனா, அந்தச் சட்டையில் மஞ்சளோ அரக்கோ எங்காவது இருந்ததா? இல்லையென்றால் பெரியம்மா கேட்டதில் பாதி நியாயம்.

ஈசூன்_சேகர்:
பார்த்தீர்களா, ஒரு நிறம் இரண்டிலும் வந்தால் அதுவும் மேட்சிங்தானே அக்கா! சரி, இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. ஞாயிறு சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் நில்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பி ஒருவர் பூப்போட்ட சட்டையும் கட்டம் போட்ட கால்சட்டையுமாகப் போவார். அவரை யாரும் ஸ்டைல் என்பதில்லை, 'பாவம், இருப்பதைப் போட்டிருக்கிறார்' என்பார்கள். அதையே ஹாஜி லேனில் ஒருவர் போட்டால் சுவரோவியத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். வசதி உண்டு என்று முகத்தில் எழுதியிருப்பவருக்குத்தான் இந்தச் சலுகை.

சாங்கி_காற்று:
வசதி மட்டும் இல்லை, அண்ணே. அமெரிக்காவில் ஐரிஸ் ஆப்ஃபெல் என்று ஒரு பாட்டி, 2024இல் 102 வயதில் காலமானார். விலை உயர்ந்த கோட்டுக்கு மேல் மலிவான பிளாஸ்டிக் வளையலும் மணியும் அடுக்குவார். 2005இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவர் உடைகளையும் நகைகளையும் கண்காட்சியாகவே வைத்தது.

ஈசூன்_சேகர்:
அவர் கணவரோடு சேர்ந்து துணி நிறுவனமே நடத்தியவர் தம்பி. வெள்ளை மாளிகை வரைக்கும் வேலை செய்திருக்கிறார். ஆயுள் முழுக்கத் துணியோடு பழகிய கண் அது. என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

பிடோக்_மீனா:
சேகர் அண்ணே, அந்தத் தம்பி விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் கோளாறு பார்க்கிறவர் கண்ணில். அதற்கு நான் ஏன் மேட்சிங்குக்குத் திரும்ப வேண்டும்? உண்மையில் காசு கேட்பது மேட்சிங்தான். ஒவ்வொரு புடவைக்கும் தனி ஜாக்கெட், தனி வளையல், தனிச் செருப்பு. கலந்து உடுத்தினால் நாலு புடவைக்கும் அந்த ஒரே சட்டை போதும். பழைய பொருள் வாங்க சுங்கை ரோடு சந்தை இருந்தது, அதையும் 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். இப்போது அப்பாவின் அலமாரிதான் எனக்குச் சந்தை. அக்கா, சட்டையில் அரக்கு இல்லை. பொத்தான் வேண்டுமானால் மாற்றித் தருகிறீர்களா?

ஊசிநூல்:
கொண்டு வாங்க, மாற்றலாம். காலரில் அரக்கு நூலால் ஒரு தையலும் ஓட்டித் தருகிறேன். ஆனால் ஒரே சட்டை நாலு புடவைக்குப் போதும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், கடைக்கு வாடகை கட்ட வேண்டும்.

ஈசூன்_சேகர்:
பொத்தான், நூல், தேக்காவுக்கு ஒரு நடை. இதுதான் மெனக்கெடாத ஸ்டைல்! அடுத்த மாதம் தங்கை மகள் கல்யாணம். இப்படி யாராவது வந்தால் குடும்பப் படத்தில் ஓரத்தில்தான் நிறுத்துவேன்.

பிடோக்_மீனா:
நிறுத்துங்கள் அண்ணே. ஓரத்தில் நிற்கிறவருக்குத்தான் புடவை முழுசாகத் தெரியும்.