ஒருமுனைச் சோதனையா, இருமுனைச் சோதனையா? குழப்பம் தீர்க்க உதவுங்கள்

புள்ளியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள். பயிற்சிக் கணக்கு இதுதான்: பேட்டரி சராசரியாக 40 மணி நேரம் உழைக்கும் என்கிறார் தயாரிப்பாளர். 16 பேட்டரிகளைச் சோதித்ததில் சராசரி 38.4, மாதிரியின் திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 3.2. இயல்நிலைப் பரவல் என்று கணக்கிலேயே கொடுத்திருக்கிறார்கள். 5 சதவீத மட்டத்தில் (கூற்று உண்மையாக இருந்தும் தவறாக மறுத்துவிடும் வாய்ப்பு 5 சதவீதம்) அந்தக் கூற்றை ஏற்கலாமா?

மாதிரி சிறியது, மொத்தத் தொகுதியின் திட்ட விலக்கமும் தெரியாது. அதனால் மாதிரிச் சராசரியைக் கூற்றோடு ஒப்பிட டி-டெஸ்ட். 3.2-ஐ 16-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.8; 38.4-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தை அதால் வகுத்தால் டி மதிப்பு −2. இதுவரை சரி.

சிக்கல் அட்டவணையில்தான். 15 டிகிரி ஆஃப் ஃப்ரீடமுக்கு (மாதிரி எண்ணிக்கையில் ஒன்று குறைவு) இருமுனை, அதாவது 40-ஐவிடக் கூடுவது குறைவது இரண்டையும் பார்ப்பது என்றால் எல்லை 2.131, கூற்றை மறுக்க முடியாது. ஒருமுனை, அதாவது குறைவதை மட்டும் பார்ப்பது என்றால் 1.753, மறுத்துவிடலாம். ஒரே தரவு, இரண்டு தீர்ப்பு!

வாங்குபவருக்குக் குறைவாக உழைத்தால்தானே கவலை, எனவே ஒருமுனைதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் கேள்வியில் "குறைவு" என்ற சொல்லே இல்லை. சராசரி 40-க்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகு ஒருமுனைக்குத் தாவுவது, விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றுவது மாதிரி இருக்கிறது. நீங்கள் எதை எழுதுவீர்கள், ஏன்?

அப்புறம் இன்னொன்று. மறுக்க முடியாதபோது "சராசரி 40 என நிரூபிக்கப்பட்டது" என்று முடிப்பது தப்புதானே? வேறொரு கணக்கின் விடைக்குறிப்பில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.