டி.என்.ஏ. தும்பில் கட்டிய மணி விலகினால், அறுந்தது எந்தப் பிணைப்பு?

உதகை ஆசிரியை எழுதியது:

வணக்கம். உதகமண்டலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஓர் எதிர்ப்பொருளும் (நோய்க்கிருமி போன்றவற்றைப் பற்றிக்கொள்ளும் உடற்புரதம்) அதன் இலக்கு மூலக்கூறும் ஒன்றையொன்று எவ்வளவு நேரம் பற்றிக்கொண்டிருக்கின்றன என்பதை, கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரியாக அல்லாமல் ஒற்றை ஜோடியாகவே அளக்க வேண்டும் என்பது முதுகலை மாணவியர் இருவரின் ஆய்வுத் திட்டம். 2000 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) கொண்ட, அதாவது சுமார் 680 நானோமீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழையின் ஒரு முனையைப் பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் என்ற மிக உறுதியான பிணைப்பால், மணி எனப்படும் அரை மைக்ரோமீட்டர் நுண்ணுருண்டையுடன் இணைத்தோம். மறுமுனையில் இலக்கு மூலக்கூறு உள்ளது. அதைப் பற்றும் எதிர்ப்பொருள் கண்ணாடித் தகட்டில் பதிந்திருக்கிறது. மணிகள் துள்ளுவதும், சில நிமிடங்களில் ஒவ்வொன்றாக விலகிச் செல்வதும் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் விலகிய மணி எந்த இடத்தில் அறுந்து போனது என்று மாணவியர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. எதிர்ப்பொருள் கைவிட்டதா, அல்லது அது கண்ணாடியிலிருந்தே பெயர்ந்ததா என்பதை எவ்வாறு பிரித்தறிவது?

கோத்தகிரி வாசகர் எழுதியது:

அம்மா, முளையில் கட்டிய கன்று மேய்ந்த வட்டத்தைப் பார்த்தே தும்பின் நீளத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? நீங்கள் செய்திருப்பதும் அதுதான். 1991-இல் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் (டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. உருவாக்கும் நொதி) டி.என்.ஏ.வில் நகர்வதை இம்முறையில் பார்த்தார்கள். 1995-இல் ஃபின்சி, கெல்லெஸ் என்ற ஆய்வாளர்கள், பாக்டீரியாவில் மரபணுவை அடக்கிவைக்கும் லாக் அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வை வளைத்து மடக்குவதையும் விடுவதையும், மணியின் துள்ளல் வீச்சு குறைவதையும் கூடுவதையும் கொண்டே கண்டார்கள். அவர்களுடைய அளவீட்டில் தும்பு அறுவதே இல்லை, நீளம் மட்டும் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் அமைப்பிலோ அளக்க வேண்டிய பிணைப்பே முளையாகவும் இருப்பதால், அது போனவுடன் சாட்சியும் போய்விடுகிறது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

எனவே இரு மூலக்கூறுகளையும் ஒரே டி.என்.ஏ.வின் நடுப்பகுதியில், இடைவெளி விட்டு இணைத்துவிடுங்கள். இதற்கு, பாக்டீரியாவைத் தாக்கும் எம்13 வைரஸின் ஆய்வக வகை ஒன்றின் 7249 காரங்கள் கொண்ட வட்டமான ஒற்றை டி.என்.ஏ. இழையை வெட்டி நேராக்கி, அதன்மேல் சுமார் 60 காரங்கள் கொண்ட துண்டுகள் ஏறத்தாழ 120 வைத்து மூடுவார்கள். அவற்றில் 1000 காரங்கள் தள்ளி நிற்கும் இரண்டு துண்டுகளில் மட்டும் உங்கள் ஜோடி இருக்கட்டும். இரண்டும் பற்றினால் இடைப்பட்ட இழை வளையமாக மடங்கித் தும்பு குறுகும். விட்டால் வளையம் திறந்து, மெல்ல இழுத்துப் பிடித்த நிலையில் சுமார் 300 நானோமீட்டர் நீளும். முனைகள் கண்ணாடியிலும் மணியிலும் அப்படியே கட்டுண்டிருப்பதால், அதே ஜோடி மறுபடி பற்றுவதையும் விடுவதையும் பலமுறை பதிவு செய்யலாம். இந்த நீள மாற்றம் இல்லாமல் போன மணியைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இன்னொன்று. மணியின் நடமாட்டப் புள்ளிகள் வட்டமாகப் பரவவில்லையெனில், இரண்டு தும்புகள் பிடித்திருக்கின்றன என்று சந்தேகியுங்கள். இரு முளைகளில் கட்டிய கன்று வட்டமாக மேய முடியாது.

குன்னூர்க்காரர் எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆனால் நீலகிரியில் அளக்கிறவர்கள் வெப்பநிலையைக் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதக் கூடாது என்பது என் கருத்து. மார்கழிக் காலையில் ஆய்வறை 12 பாகை செல்சியஸில் இருக்கும். 25 பாகையோடு ஒப்பிட்டால் வெப்ப ஆற்றல் நான்கு விழுக்காடுதான் குறைகிறது, ஆகவே துள்ளலின் வீச்சு பெரிதாக மாறாது. நீரின் பாகுநிலையோ ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுவதால், மணி தன் வட்டத்தை நிரப்ப அதிக நேரம் எடுக்கும். சராசரி எடுக்கும் கால அளவை அதற்கேற்ப நீட்டுங்கள். பிணைப்பு அறும் வேகம்தான் உண்மையில் தடுமாற வைப்பது: கடக்க வேண்டிய ஆற்றல் தடை மோலுக்கு 80 கிலோஜூல் என்று கொண்டால், இந்த 13 பாகை வேறுபாட்டிலேயே அது நான்கு மடங்குக்கு மேல் மாறிவிடும்.

அடுத்து, காற்றுக் குமிழ். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மலையேறும்போது உப்பிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சமவெளியில் மூடிக் கொண்டுவந்த தாங்கல் கரைசலிலும் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும், மணிகள் மிதக்கும் உப்புக் கரைசல்) அதே போல் இங்குள்ள அழுத்தத்துக்கு மிஞ்சிய வாயு கரைந்திருக்கும். அது நுண்ணோக்கி விளக்கின் சூட்டில் குமிழாக வெளிவந்து, தகட்டின் மேல் கரைசல் நிற்கும் சிற்றறைக்குள் ஒருமுறை உருண்டால், தும்புகள் வரிசையாக அறுந்து போகும். கரைசலை வெற்றிடத்தில் வைத்து வாயு நீக்கிய பின் பயன்படுத்துங்கள்.

உதகை ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் நன்றி. எங்கள் பழைய பதிவுகளைத் திரும்பப் பார்த்தபோது, பல மணிகளின் நடமாட்டம் நீள்வட்டமாக இருந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டோம். ஓர் ஐயம்: ஒரே தும்பில் இரண்டும் அருகருகே கட்டுண்டிருந்தால், விட்ட கையோடு மறுபடி பற்றிக்கொண்டு, விடுபட்டதே தெரியாமல் போய்விடாதா?

கோத்தகிரி வாசகர் எழுதியது:

நல்ல ஐயம், கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். திறந்த வளையத்தில் ஒரு மூலக்கூறு மற்றதைச் சுற்றி 200 நானோமீட்டர் ஆரக் கோளத்துக்குள் அலைகிறது என்று தோராயமாக வைத்தால், அதன் செறிவு லிட்டருக்கு 50 நானோமோல். பற்றும் வேகம் மோலார் செறிவுக்கு நொடிக்குப் பத்து லட்சம் என்றால், மறுபடி பற்ற சராசரியாக 20 நொடிகள் ஆகும். உங்கள் கேமராவுக்கு இது தாராளமான அவகாசம்.

காந்த மணி வாங்க முடிந்தால் இன்னும் நன்று. காந்தத்தை இறக்கி ஒரு பிக்கோநியூட்டன் அளவு இழுக்கும்போது, பிரிந்த இரண்டும் சேரவே முடியாது; உயர்த்தினால் இழை தளர்ந்து மறுபடி சேரும். விசையை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை: வெப்ப ஆற்றலைத் தும்பின் நீளத்தால் பெருக்கி, மணியின் பக்கவாட்டு அசைவின் சராசரி இருமடியால் வகுத்தால் விசை கிடைக்கும். விசை கூடக் கூட அறும் வேகம் அடுக்குக்குறி முறையில் ஏறும் என்று 1978-இல் பெல் என்ற ஆய்வாளர் காட்டினார்; ஆகவே மூன்று நான்கு விசைகளில் அளந்து, விசையே இல்லாத நிலைக்குக் கோட்டைப் பின்னோக்கி நீட்டுங்கள்.

அதற்கு முன், மூடிய வளையமும் திறந்த இழையும் அகரோஸ் ஜெல்லில் (மின்புலத்தால் டி.என்.ஏ.வை வடிவம், நீளம் வாரியாகப் பிரிக்கும் கூழ்) தனித்தனிப் பட்டைகளாக ஓடுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் உயிரியல் துறையில் ஜெல் ஓட்டும் பெட்டி கட்டாயம் இருக்கும். ஒரு மாலை நேரம் போதும்.