ஸ்காபரோவில் இடைநிறுத்தக் கடிதம் வந்தால்: அனுபவப் பகிர்வு

பிள்ளையைச் சில நாளுக்குப் பாடசாலைக்கு வரவேண்டாம் என்று இடைநிறுத்திக் கடிதம் வந்தால், அதில் முதல் பார்க்கவேண்டியது திகதி. ஸ்காபரோ இருக்கிற கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இடைநிறுத்தம் 1 முதல் 20 பாடசாலை நாள்வரை. அது தொடங்கி 10 பாடசாலை நாளுக்குள் மேன்முறையீட்டை எழுத்தில் கல்விச்சபை மேற்பார்வை அதிகாரிக்கு அனுப்பவேணும். அதிபரோடு கதைத்துச் சரிக்கட்டலாம் என்று நம்பித்தான் கனபேர் அந்த நாட்களைத் தவறவிடுகினம். மேன்முறையீடு செய்தாலும் இடைநிறுத்தம் நிற்காது. ஆனால் சபை அதை ரத்துச் செய்தால் பிள்ளையின் பதிவிலிருந்தும் எடுபடும். அதற்காகவேனும் போடுங்கோ.

---

கடிதமே தராமல், "இன்றைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று தொலைபேசியில் சொல்வதும் நடக்கிறது. கடிதம் இல்லையென்றால் எதை எதிர்த்து மேன்முறையிடுவது? "இது இடைநிறுத்தமா?" என்று அன்றைக்கே மின்னஞ்சலில் கேளுங்கோ. 5 நாள்வரை என்றால் வீட்டுப்பாடம் தரவேணும். 6 நாளும் மேலும் என்றால் தனிக் கல்வித்திட்டம். பிள்ளை சும்மா பிளாசாவில் (கடைத்தொகுதியில்) நிற்கும் நாட்கள்தான் பயம்.

---

மேன்முறையீட்டில் நிறபேத விசயத்தை எப்படி எழுதுவது என்பதுதான் பெரிய சிக்கல். "அதிபர் இனவாதி" என்று எழுதினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். இடைநிறுத்தமுன் அதிபர் எதையெல்லாம் பார்க்கவேணும் என்று சொல்லும் ஒன்ராறியோவின் 472/07 ஒழுங்குவிதியைக் காட்டுங்கோ: சம்பவம் இனம், மதம் சார்ந்த தொந்தரவோடு தொடர்புள்ளதா என்பதையும், பிள்ளையின் வயது, முன் வரலாறு, படிப்புக்கு வரும் பாதிப்பு ஆகியவற்றையும் அதிபர் கவனிக்கவேணும். லொக்கரடியில் தோல் நிறத்தைச் சொல்லி ஏசினவன் வகுப்புக்குப் போக, தள்ளினவனுக்கு மட்டும் கடிதம் என்றால், சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கோ. எந்த நாள், யார் நின்றது, முதலே எந்த ஆசிரியரிடம் முறையிட்டது, எல்லாம் வேணும்.

இது எங்கட கற்பனை இல்லை. 2000இல் வந்த, தண்டனைகளைக் கடுமையாக்கின பாதுகாப்பான பாடசாலைகள் சட்டம் பற்றி ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2003இல் வெளியிட்ட அறிக்கை, அதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறவர்கள் என்று கறுப்பினப் பிள்ளைகளோடு தமிழ்ப் பிள்ளைகளையும் குறிப்பிட்டது. அந்தக் கடும்போக்கு 2008 பெப்ரவரியில்தான் சட்டத்தில் தளர்ந்தது.

---

ஒன்று விடுபட்டுப்போச்சு: பொலிஸ். மிரட்டல், ஆயுதம் என்றால் பாடசாலை அவர்களைக் கூப்பிடும். 12 முதல் 17 வயதுப் பிள்ளையிடம் வாக்குமூலம் எடுக்கமுன், பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞரோடும் பெற்றோரோடும் கதைக்கலாம் என்பதைப் பிள்ளைக்கு விளங்கும்படி பொலிஸ் சொல்லவேணும். அதற்கு முதலே அதிபர் அறையில் "நடந்ததை எழுதித் தா" என்று ஒரு தாள் நீட்டப்படும். அந்தத் தாளும் பொலிஸ் கைக்குப் போகலாம். "அம்மா வரட்டும், பிறகு எழுதுறன்" என்று மரியாதையாகச் சொல்லப் பிள்ளையை இப்பவே பழக்குங்கோ.