குடும்பக் குழு: விடுமுறை விருந்தும் மாட்டிறைச்சி ரோஸ்டும்

நிஷா: பெரியம்மா, ஞாயிறு விருந்துக்கு எலும்பில்லாத விலா இறைச்சி 3 கிலோ சொல்லிவைத்திருக்கிறேன். பன்னிரண்டு பேருக்குப் போதுமா?

பெரியம்மா: தாராளமாகப் போதும், ஆளுக்குக் கால் கிலோ வரும். சனிக்கிழமையே வாங்கி, ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டுச் சுற்றிலும் 30 கிராம் உப்பைத் தடவு. மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. உப்பு உள்ளே இறங்க ஓர் இரவாவது வேண்டும். மேல்புறம் காய்ந்தால்தான் நன்றாகச் சிவக்கும்.

மாமா: அக்கா, முதலில் சட்டியில் வாட்டினால் சாறு வெளியே போகாது என்பார்களே?

பெரியம்மா: அது உண்மையில்லை தம்பி. எப்படி வாட்டினாலும் சாறு கசியத்தான் செய்யும். சிவக்க வைப்பது மணத்துக்காக. அதை நான் கடைசியில்தான் செய்வேன். நிஷா, ஓவனை 120 டிகிரியில் வை. மெல்ல வெந்தால் ஓரம் முதல் நடுவரை ஒரே பதம் வரும். சூடு அதிகமானால் நடு வேகுமுன் ஓரம் வறண்டுவிடும்.

நிஷா: எத்தனை மணி நேரம்?

பெரியம்மா: மூன்று, மூன்றரை மணி ஆகலாம். ஆனால் கடிகாரத்தை நம்பி இறங்காதே, நிஷா. ஒவ்வொரு ஓவனும் ஒரு விதம், எடையைவிடத் துண்டின் கனம்தான் நேரத்தைத் தீர்மானிக்கும். தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். நடுப்பகுதியில் குத்திப் பார்த்து, 52 டிகிரி காட்டியதும் எடுத்துவிடு. வெளியே வந்த பிறகும் உள்ளே சூடு இரண்டு, மூன்று டிகிரி ஏறும்.

சித்தி: அக்கா, அந்தப் பதத்தில் வெட்டினால் ரத்தம் வருமே!

பெரியம்மா: அது ரத்தமில்லை. மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர், அதுதான் சிவப்பாகத் தெரிகிறது.

சித்தி: சரி. ஆனால் மலர் மாசமாக இருக்கிறாள். சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பெரியம்மா: நல்ல வேளை சொன்னாய்! அப்படியென்றால் திட்டத்தை மாற்றுவோம். அமெரிக்க வேளாண் துறையே முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு 63 டிகிரி, அதன்பின் மூன்று நிமிட ஓய்வு என்றுதான் சொல்கிறது. நான் சொன்ன 52 அதற்கும் கீழே. அதை விரும்புகிற பெரியவர்கள் சாப்பிடட்டும். மலருக்கும் பிள்ளைகளுக்கும் தாத்தாவுக்கும் வேண்டாம். நிஷா, உப்புத் தடவும் முன்பே துண்டை இரண்டாக வெட்டிவிடு. அவர்களுக்கானதை ஒன்றரை மணி நேரம் முன்னதாக ஓவனில் வைத்து 71 டிகிரி வரை வேகவிடு. உள்ளே இளஞ்சிவப்பு தெரியக்கூடாது.

மலர்: நன்றி பெரியம்மா. எப்படிச் சொல்வதென்று தயங்கிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா: இதில் தயங்க என்ன இருக்கிறது கண்ணு? உனக்காகவும்தானே சமைக்கிறோம்.

நிஷா: நன்றாக வெந்த துண்டு வறண்டுவிடாதா?

பெரியம்மா: கொஞ்சம் வறளும். மெல்லிசாக வெட்டிச் சூடான கிரேவியை மேலே ஊற்று. ஆனால் 120 டிகிரியில் தட்டில் சாறு அதிகம் சேராது. அதனால் ஓரத்தில் நறுக்கியெடுத்த இறைச்சியை வெங்காயத்துடன் கருகாமல் வறுத்து, தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டிக்கொள். அந்தச் சாற்றில்தான் கிரேவி.

மாமா: சிவக்க வைப்பது எப்போது?

பெரியம்மா: ஓவனிலிருந்து எடுத்து அரை மணி நேரம் தளர்வாக ஃபாயில் போர்த்தி வைக்க வேண்டும். அதற்குள் ஓவனை 250 டிகிரிக்கு ஏற்றி, எல்லோரும் உட்காரும் நேரத்தில் ஆறு முதல் எட்டு நிமிடம் மீண்டும் உள்ளே. பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். வெட்டும்போது தசைநாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும், நார் போகிற திசையில் வெட்டினால் மெல்ல முடியாது. தம்பி, வெட்டுவது உன் வேலை.

மாமா: கத்தியை இன்றே சாணை பிடித்துவிடுகிறேன். இரண்டு துண்டுக்கும் தனித்தனிப் பலகை கொண்டுவருகிறேன்.

நிஷா: தெர்மாமீட்டர் என்னிடம் இல்லை. யாரிடமாவது இருக்கிறதா?

சித்தி: என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மாலை கொண்டுவந்து தருகிறேன். மீதமாவதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க டப்பாக்களும் எடுத்துவருகிறேன்.