ரொறன்ரோவின் ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில் வாக்குப் போட்டவர்கள், மறக்காத ஒன்றை எழுதுங்கள்

மால்வேர்ன் வாசி:
2011 மே 2 இரவு, கனடா நாடாளுமன்றத் தேர்தல். வேறு யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், இல்லை, நானே தொடங்குகிறேன். ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் லிபரல் கட்சியின் பார்வையாளனாக நின்றேன். ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திப் பெட்டியைத் திறந்தார்கள். எண்ணுகிற அம்மா ஒவ்வொரு சீட்டாக விரித்து, எங்களுக்குக் காட்டி, பெயரை வாசிக்க வேண்டும். முதல் தடவை என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) வேட்பாளர் ராதிகாவின் பெயர், 'சிற்சபைஈசன்', வந்ததும் அந்த அம்மாவுக்கு வாய் நின்றுவிட்டது, என்னைப் பார்த்தார், சொல்லிக்கொடுத்தேன். நாற்பது சீட்டுத் தாண்டியிருக்காது, அந்தப் பெயர் அவர் வாயில் தண்ணீர் மாதிரி ஓடியது. என் கட்சி தோற்றுக்கொண்டிருக்கிறது, எனக்கோ தொண்டை அடைக்கிறது. கூட நின்ற கட்சிப் பெடியனுக்கு முகத்தைக் காட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் இங்கே வந்த பிள்ளை, கனடாவின் முதல் தமிழ் எம்.பி. அந்தச் சந்தோஷம் சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஆனால் எங்களுக்கென்று ஒரு பிரதிநிதி வந்தது அன்றுதான்.

செப்பர்ட் அண்ணை:
தம்பி, கடைசி வசனத்தோடு எனக்கு உடன்பாடில்லை. 1988இல் அந்தத் தொகுதியில் நடந்த முதல் தேர்தலில் இருந்து 2011 வரைக்கும் டெரெக் லீதான் எம்.பி., ஏழு தேர்தல் வென்றவர். அப்பாவின் விசா இழுபட்டபோது நான் போன இடம் அவருடைய தொகுதி அலுவலகம். அங்கே இருந்த பிள்ளை அப்பாவின் முழுப்பெயரை எழுத்து எழுத்தாகத் தொலைபேசியில் சொன்னது, ஒரு இடம் பிழைத்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப முதலில் இருந்து சொன்னது. அதுவும் பிரதிநிதித்துவம்தான். ராதிகா வென்றதில் எனக்கும் சந்தோஷம், நானும் அவருக்குத்தான் போட்டேன். அதுக்காக முந்தின 23 வருடத்தை வெறும் வருடமாக்காதீர்கள். 2011இல் கட்சித் தலைவர் ஜாக் லேட்டனின் அலையில் என்டிபிக்கு நாடு முழுக்க 103 இடம் வந்தது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய முகவரி:
2015. ராதிகாவுக்குப் போடுவதற்கென்று வேலையில் இருந்து நேரே போனேன். சீட்டை விரித்தால் அவர் பெயர் இல்லை. தொகுதியையே உடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் என் வீடு எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்க்கவில்லை. அவர் ஸ்காபரோ நோர்த்தில் நின்றார், நான் ஸ்காபரோ ரூஜ் பார்க்கில் நிற்கிறேன். பென்சிலைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஹரி ஆனந்தசங்கரிக்குப் போட்டுவிட்டு வந்தேன், அவர் வென்றார், ராதிகா ஸ்காபரோ நோர்த்தில் மூன்றாவதாக வந்தார். என் ஒரு வாக்கால் எதுவும் மாறியிருக்காது. இருந்தாலும் அந்தச் சீட்டில் மேலிருந்து கீழே இரண்டு தடவை பெயரைத் தேடியது மனதை விட்டுப் போகவில்லை.

ரோகினி அக்கா:
பழைய முகவரி, உங்கள் மாதிரித்தான் எனக்கும் 2025 ஏப்ரலில், தொகுதிக்கு ஸ்காபரோ கில்ட்வுட் ரூஜ் பார்க் என்று பெயர் மாறியதை வாசலில்தான் கண்டேன். எல்லோரும் ஒன்றைச் செய்யுங்கள். வீட்டுக்கு வருகிற வாக்காளர் தகவல் அட்டையை மளிகைக்கடை விளம்பரங்களோடு சேர்த்து எறியாமல் தொகுதிப் பெயரை வாசியுங்கள். வீடு மாறினால் முகவரியை மாற்றுங்கள். அடையாள அட்டையில் முகவரி இல்லாவிட்டால் வங்கிக் கடிதம், கரண்ட் பில் கொண்டுபோகலாம், அதுவும் இல்லாவிட்டால் அதே வாக்குச்சாவடிக்காரர் ஒருவர் எழுத்தில் சாட்சி சொல்லலாம், ஆனால் ஒருவர் ஒருவருக்குத்தான். வாக்கு நேரத்துக்குள் தொடர்ந்து மூன்று மணிநேரம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும், வேலை அதை மறித்தால் முதலாளி சம்பளம் வெட்டாமல் விட வேண்டும், கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான்கு நாள் முன்கூட்டிய வாக்கும் இருக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை குடிசனக் கணக்கெடுப்புக்குப் பிறகு ஆணைக்குழு எல்லைகளைத் திரும்பக் கீறும், நாடாளுமன்றத்தில் 308 இடம் 338 ஆனதும், பிறகு 343 ஆனதும் அப்படித்தான். அதற்குப் பொதுக்கூட்டம் வைப்பார்கள், யாரும் போய்ப் பேசலாம். அடுத்த தடவை போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மால்வேர்ன் வாசி:
செப்பர்ட் அண்ணை, சரி, அந்த வசனம் பிழைதான். 1996இல் எங்கள் அம்மாவின் ஸ்பொன்சர் கடிதமும் அதே அலுவலகத்தில் இருந்துதான் போனது, நீங்கள் எழுதின பிறகுதான் ஞாபகம் வந்தது.